இருநூற்றுப் பதினாறு வரிகள்

போட்டுவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், சார். ஒரு நட்சத்திரம் வேண்டாம். இரண்டு போடுங்கள். ஒன்று போட்டால் கோபத்தில் குத்தியது என்று எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு போட்டால் யோசித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஓட்டல்காரன் அதற்குத்தான் பயப்படுவான். 'வரட்டி மாதிரி தோசை' என்பதையும் எடுத்துவிடுங்கள். திட்டு எடுபடாது. 'மூன்று முறை கேட்ட பிறகு தோசை வந்தது, சட்னி புளித்திருந்தது' என்று வருத்தமாக எழுதுங்கள். வருத்தம்தான் பரவும்.

எட்டிப் பார்த்தேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் நட்சத்திரத்தைத் தொட்டால் என் கண் தானாகப் போய்விடுகிறது. நான்கு வருஷப் பழக்கம். நீங்கள் எழுதுவதைப் படிப்பதுதான் என் வேலை. நீங்கள் என்றால் நீங்கள் இல்லை, உங்களை மாதிரி ஆட்கள்.

பழனாத்தா சத்துமாவு தெரியுமா? வீட்டில் வாங்குகிறீர்களா, நல்லது. ஈரோட்டுக்குப் பக்கத்தில்தான் கம்பெனி. பழனாத்தாள் எங்கள் முதலாளி நல்லசாமியின் அம்மா. உறையில் இருப்பது அவர் படம்தான். அந்த மாவைப் பற்றி எவன் எங்கே என்ன எழுதினாலும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் முதலாளியின் மேஜைக்கு வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவருகிற வேலை எனக்கு. இருந்தது. இப்போது மதுரையில் ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போகிறேன். முப்பத்தாறு வயதில் இன்டர்வியூ. ஏன் போகிறேன் என்று கேளுங்கள்.

முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். "ஊரு நம்மளப் பத்தி என்ன பேசுதுன்னு தெரியோணும் யுவராஜு. ஆனா அதுக்குக் காசு கட்ட முடியாது. ஊர்ப்பேச்சு கேக்கறதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா?"

சரி என்றேன். எல்லாம் இலவசத்தில் பிடித்தேன். நம் பெயரைக் கொடுத்து வைத்தால் எங்கே அது அச்சானாலும் காலை ஆறு மணிக்கு மின்னஞ்சல் அனுப்புகிற ஒரு வசதி இருக்கிறது, இலவசம். கடைகளில் விழுகிற நட்சத்திரங்களை நானே போய்ப் பார்ப்பேன். சமையல் வீடியோக்களுக்குக் கீழே இருக்கிற பேச்சைக் கடைசிவரை படிப்பேன். படம் போடும் தளங்களுக்குள் அந்த மின்னஞ்சல் நுழையாது, அங்கே நாமேதான் தேட வேண்டும். யாராவது நம்மைப் பற்றி அடிக்கடி எழுதினால் அவர்கள் பக்கத்தில் எது விழுந்தாலும் என் போனில் மணியடிக்கும்படி வைத்துவிடுவேன். எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் ஏற்றுவேன். ஒரு பேச்சுக்கு ஒரு வரி. தேதி, ஆள், என்ன சொன்னார், பக்கத்தில் அத்தாட்சிக்குப் படம். கடைசிக் கட்டத்தில் நிறம். நல்ல பேச்சு பச்சை, கெட்ட பேச்சு சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் மஞ்சள்.

நிறத்தை நான் போடுவதில்லை. நான் போட்டால் நான் போட்டது என்று ஆகிவிடும் இல்லையா? அதற்கும் இலவசமாக ஒன்று இருக்கிறது. வாக்கியத்தை ஒட்டினால் நல்லதா கெட்டதா என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். தமிழ் அதற்குச் சுமார்தான். அதனால் முதலில் இன்னொரு இலவசத்தில் இங்கிலீஷ் ஆக்கி, பிறகு ஒட்டுவேன். இரண்டு வேலை. நான் அலுத்துக்கொண்டதில்லை.

முதலாளி தாள்தான் பார்ப்பார். திங்கட்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு வந்து, விபூதியோடு உட்கார்ந்து, பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை. அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு படம் வந்தது. தாராபுரத்துப் பெண். இப்போது தாண்டி வந்தோமே, அந்தத் தாராபுரம்தான். கோகிலவாணி என்று பெயர். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, மேல் உதட்டில் கஞ்சி மீசை, மூக்கு நுனியில் ஒரு சொட்டு, சிரிக்கிறது. கீழே 'பழனாத்தா கஞ்சி குடிச்ச எங்கூட்டுப் பழனாத்தா' என்று எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் க க க என்று அர்த்தமில்லாமல் கொஞ்சம் எழுத்து. ஏதோ விரல் பட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் படம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. பதினோராயிரம் பேர் விருப்பம் போட்டார்கள். தெலுங்கில் எழுதுகிறான், மலையாளத்தில் எழுதுகிறான். முதலாளி அந்தப் படத்தை மட்டும் என் போனை வாங்கிப் பார்த்தார். "எங்கம்மா திரும்பப் பொறந்துட்டா," என்றார். ஈரோட்டுக் கண்காட்சியில் எங்கள் கடை முகப்பில் அதுதான் பேனர். கேட்டு வைத்தோமா என்றால் இல்லை, எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதானே போட்டிருந்தாள்.

பங்குனியில் அந்தக் குழந்தை போய்விட்டது. காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்று கோயமுத்தூரில் சொல்லியிருக்கிறார்கள். நம் மாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவளும் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அந்த வகையில் நல்ல பெண்.

ஆனால் அவள் எழுத ஆரம்பித்தாள். எங்கே? அதே படத்துக்குக் கீழே. தினமும். அவள் பக்கத்துக்குத்தான் நான் மணி வைத்திருந்தேனே, என் போனில் வந்து விழும். 'கனிக்குட்டி, இன்னிக்கு மழை. உன் மஞ்சக் குடைய எடுத்து விரிச்சு வெச்சேன்.' 'தங்கம், அப்பா நாக்பூர்ல இருந்து பேசுனாரு. உன்னக் கேக்கல. அழுவாருன்னு கேக்கல.' அந்தப் பெண்ணின் புருஷன் போர்வெல் வண்டியில் வடக்கே இருப்பவன், வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். 'முத்தே, இன்னிக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பா நடந்துச்சு. நீதான் முதல்ல நடந்த.'

முதல் வாரம் நிறைய பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார்கள். பிறகு குறைந்தார்கள். சித்திரை பிறந்ததும் ஒருவரும் இல்லை. அவள் எழுதுவாள், நான் படிப்பேன். வேலை, சார். வரியில் ஏற்ற வேண்டும், அத்தாட்சிப் படம் எடுக்க வேண்டும், இங்கிலீஷ் ஆக்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும்.

நிறம் என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? பச்சை. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஆறு. தங்கம் என்கிறாள், முத்து என்கிறாள், சிரிப்பு, முத்தம், அம்மா. எல்லாம் நல்ல வார்த்தை. அந்த மெஷினுக்கு வேறென்ன தெரியும்? நான் கை வைக்கவில்லை. கை வைப்பதில்லை என்பதுதான் என் கொள்கை.

அந்த மூன்று நான்கு மாதம் எங்கள் பச்சை ஏறிய மாதிரி எப்போதும் ஏறியதில்லை. முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் தாளைக் காட்டினார். "பாருங்க, சனங்க எங்கம்மாவ எப்படிக் கொண்டாடுதுன்னு," என்று. அடுத்த தீபாவளிக்கு விளம்பரப் பிரிவுக்கே என்னை மேனேஜர் ஆக்குகிறேன் என்று அவர் வாயால் சொன்னார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயால்.

ஆடியில் பெங்களூரிலிருந்து ஒரு டீலர் வந்தான். பெரிய கை. வருகிறவன் சும்மா வரக்கூடாதா? காரில் வரும்போதே எங்கள் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். முதலில் வந்து நிற்பது அந்தப் படம். பதினோராயிரம் பேர் பார்த்த படம் வேறு எங்கே நிற்கும்? கீழே வரிசையாக அஞ்சலி. எவனோ நடுவில் 'எந்த மாவு கொடுத்தீங்க?' என்று கேட்டிருக்கிறான். அதற்கு இன்னொருவன் 'மேலே பேர் இருக்கே' என்று பதில் போட்டிருக்கிறான்.

"என்ன சார், குழந்தை இது குடிச்சா போச்சு?" என்று முதலாளி முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டான். ஆர்டர் கொடுக்காமல் காபி குடித்துவிட்டுப் போனான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. தாள்களை முன்னால் பரப்பி வைத்திருந்தார்.

"இதுல பச்சைன்னு இருக்கிறதுல எழவுப் பேச்சு எத்தன?"

"எண்ணோணுங்க."

"எண்ணு."

எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு.

"எங்கம்மா பேரத் தட்டினா எழவு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. இதத்தான் நீ எனக்குப் பச்சைன்னு காட்டியிருக்கற. ஒரு வாரம் தாரேன். அது இருக்கக் கூடாது. இருந்தா நீ இருக்க மாட்ட."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அம்மா பெயர் இல்லையா?

நானே போனேன். வேறு எவனாவது என்றால் மிரட்டி ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பான். நான் பஸ் ஏறித் தாராபுரம் போனேன். வெறும் கையோடு போகக்கூடாது என்று முதலாளி சொன்னார். எங்கள் கம்பெனியில் யாரையாவது சமாதானம் பண்ணப் போனால் கொண்டுபோவதற்கு ஒரு அன்பளிப்புப் பெட்டி உண்டு. ஐந்து கிலோ சத்துமாவு, ரிப்பன் கட்டி, மேலே ஒரு குழந்தை பொம்மை ஒட்டியிருக்கும். எல்லாருக்கும் அதுதான் கொடுப்போம். கோகிலவாணி கையில் கொடுத்த பிறகுதான் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் யார் என்று சொன்னேன். உங்கள் பக்கத்தில் எழுதுவதெல்லாம் எனக்கு வரும், தினமும் படிப்பேன் என்றேன்.

அவள் முகம் மாறியது. மாறியது என்றால், வெளிச்சம் போட்ட மாதிரி.

"தினமுங்களா?"

"தினமும்."

"நேத்து எழுதுனதும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பவுடர் டப்பாவப் பத்தி."

"அப்பப் போகுதுங்ணா," என்றாள். "நான் சும்மா செவுத்துகிட்டப் பேசறனோன்னு இருந்தேன். போகுது."

எழுந்து உள்ளே போனாள். பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளி டம்ளரில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். சின்ன டம்ளர், பிடி வைத்தது. குடித்தேன். நம் மாவை நான் நான்கு வருஷமாகக் குடிக்கிறேன், சார், அவ்வளவு பதமாக யாரும் காய்ச்சி நான் பார்த்ததில்லை. ஒரு கட்டி கிடையாது. நான் குடித்து முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். படத்தை எடுக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். மேலே எழுதியதில் கம்பெனி பெயரை மட்டும் எடுத்துவிடம்மா, போதும், மீதியெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன். இதைவிட நியாயமாக யார் கேட்பார்கள்?

"அதுல கை வைக்க மாட்டங்ணா," என்றாள்.

"பேர மட்டும்தான்."

"அத எழுதறப்ப மடியில உக்காந்திருந்தா. கடைசியில க க-ன்னு இருக்குதல்லங்க, அது அவ அடிச்சது. போனப் புடுங்கி அடிச்சா. நான் உள்ள போயித் திருத்துனா அது கலஞ்சிருமோன்னு பயமா இருக்குது. அவ எழுதுனது அது ஒண்ணுதான்."

கலையாது, நான் செய்து தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பிடிவாதம். கிளம்பும்போது கொல்லையில் முருங்கைக்காய் பறித்து ஒரு கட்டுக் கொடுத்தாள். நல்ல சதைப்பிடிப்பான காய். இரண்டு நாள் சாம்பார் வைத்தோம்.

ஒரு வாரத்தில் மூன்று நாள் போய்விட்டது. எனக்கும் குடும்பம் இருக்கிறது. என் பெண்ணை அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம்.

அந்தத் தளங்களில் ஒரு வசதி இருக்கிறது, தெரியுமல்லவா? பிடிக்காததைப் புகார் செய்யலாம். இலவசம். ஏன் என்று பட்டியல் வரும், ஒன்றைத் தொட வேண்டும். 'பொய்த் தகவல்' என்று தொட்டால் வருஷம் ஆனாலும் நகராது. எது உடனே நகரும் என்று தேடிப் படித்தேன். குழந்தையைக் கொடுமை செய்வது. அதுதான். அதுவும் ஒரே சமயத்தில் நிறையப் பேர் தொட்டால் ஒரே நாள்.

பாக்கெட் போடுகிற பெண்கள் நாற்பத்து மூன்று பேர் எங்களிடம். எல்லாரிடமும் போன் இருக்கிறது. பத்தரை மணி டீ நேரத்தில் போய் நின்றேன். அந்தக் குழந்தை கனிஷ்காவுக்கு மொட்டை போட்டபோது எடுத்த படம் ஒன்று கோகிலவாணியின் பக்கத்தில் இருந்தது. மொட்டையும் சந்தனமுமாக வாயைப் பிளந்து அழும். அதைக் காட்டினேன். பெற்ற அம்மாவே இந்தக் குழந்தையைப் போட்டு வதைக்கிறாள், அழ வைத்துப் படம் எடுத்துப் போடுகிறாள், நாமெல்லாம் சேர்ந்து புகார் செய்தால் காப்பாற்றிவிடலாம் என்றேன். எங்கே தொட வேண்டும் என்று ஒவ்வொருவர் போனிலும் நானே காட்டினேன்.

டீ ஆறிப்போனது. ஒருத்திகூடக் குடிக்கவில்லை. துளசிமணி என்று ஒரு அம்மாள், "பட்டன் அமுங்கிருச்சுங்களா பாருங்க சார்," என்று மூன்று முறை வந்து காட்டினாள். "வெளங்குவாளா அவ," என்று நாற்பத்து மூன்று பேரும் கோகிலவாணியைச் சபித்தார்கள். நான் ஒரு வார்த்தை சபிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டிப் பார்த்தேன். படம் மட்டும் இல்லை, அவள் பக்கமே இல்லை. எல்லாம் போயிருந்தது. அவ்வளவு போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காசு செலவில்லாமல். மதுரையில் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன். பெயரெல்லாம் சொல்லாமல், முறையை மட்டும்.

பக்கம் போன நான்காம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. போயிருந்தபோது என் கார்டைக் கொடுத்திருந்தேன்.

"அண்ணா, பக்கத்தக் காணோங்ணா. உள்ளயே போக முடியல. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு இங்கிலீஷ்ல வருது."

"அப்படியாம்மா?"

"படமெல்லாம் அதுலதாங்ணா இருந்துச்சு. பழைய போன அவரு கொண்டுபோயி சேத்துல உட்டுட்டாரு. உங்களுக்குத்தான் தினமும் வருமே. உங்ககிட்ட இருக்குங்களா?"

இருந்தது. இருநூற்றுப் பதினாறு வரியும் இருந்தது, பக்கத்தில் அத்தாட்சிப் படங்களும் இருந்தன. மஞ்சள் குடை, மொட்டை, கஞ்சி மீசை, எல்லாம் தேதியோடு. அவளிடம் இருந்ததைவிட ஒழுங்காக என்னிடம் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கொடுத்தால் என்ன செய்வாள்? புதிதாக ஒரு பக்கம் திறந்து திரும்பவும் போடுவாள். மேலே நம் பெயர். மறுபடியும் முதலிலிருந்து.

"எங்களுக்குத் தலைப்பு மட்டும்தாம்மா வரும்," என்றேன்.

 போனை வைக்கப் போனேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? அவ அடிச்சாளே, க. அது நாலா, அஞ்சுங்களா? நான் எழுதி வெக்கலாம்னு உக்காந்தா மறந்துபோச்சு. நாலுன்னு தோணுது. அஞ்சுன்னும் தோணுது."

ஐந்து. அதற்குப் பிறகு இரண்டு த. ஒரு புள்ளி. எனக்குத் தெரியும், சார். ஏழு மாதமாகத் தினமும் பார்த்ததுதானே. ஆனால் தலைப்பு மட்டும்தான் வரும் என்று சொன்ன பிறகு இதைச் சொன்னால் நன்றாக இருக்குமா?

"ஞாபகமில்லம்மா," என்றேன்.

"செரிங்ணா. எதாச்சும் வந்தாச் சொல்லுங்க."

அன்றைக்கே உட்கார்ந்து வரிகளை நீக்கினேன். படங்களையும். ஒரு கம்பெனி அட்டவணையில் எழவுப் பேச்சு எதற்கு? மொத்தமாக நீக்க முடியாது, நடுநடுவே வேறு ஆட்கள் எழுதியது கலந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை.

பலன் என்ன தெரியுமா? ஆவணியில் முதலாளியின் மாப்பிள்ளை வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த வாரமே மாதச் சந்தா கட்டி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அதே முதலாளிதான் கையெழுத்துப் போட்டார். ஊர்ப்பேச்சுக்குக் காசு கட்ட மாட்டேன் என்ற முதலாளி. எனக்குத் தீபாவளிக்கு ஒரு சுவர்க்கடிகாரம். தன் வாயால் சொன்ன மனுஷன், சார். இப்படியும் ஒரு மனுஷன் செய்வானா? நெஞ்சில் ஈரம் வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் கீழே வேலை செய்கிறவர்களுக்கு என் அருமை தெரியும். அதை எந்த மாப்பிள்ளையும் சந்தா கட்டி வாங்க முடியாது. அந்த வரிகளையெல்லாம் நீக்கிய அன்று சாயங்காலம் பசியோடு பாக்கெட் ஹாலுக்கு இறங்கினேன், டீ ஏதாவது மிச்சம் இருக்குமா என்று. துளசிமணி தராசு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏனுங் சார், அந்தப் பாப்பாவக் காப்பாத்திட்டாங்களா?"

"காப்பாத்தியாச்சும்மா."

"அவகிட்ட இருந்து வாங்கிட்டாங்களா?"

"வாங்கியாச்சு."

"இப்ப எங்கிருக்குதுங்க?"

"நல்ல எடத்துல."

"வயித்துக்கு ஒழுங்காப் போடுவாங்களா?"

"போடுவாங்க."

முகமூடியைக் கீழே இறக்கி, தலை உறையைச் சரிபண்ணிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். அடுத்த பாக்கெட்டைத் தட்டில் நிறுத்தி மாவை அள்ளினாள். தராசு ஐநூறு காட்டியது. அதற்கு மேல் இன்னும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டு, வாயை மடித்து ஒட்டி, பெட்டிக்குள் வைத்தாள்.